ஆதிரையா, தும்பியா: ஜேடர்பாளையத்தில் ஒரு தீர்ப்பு

பட்டிமன்றத்துக்கு நடுவராக வரச் சொல்லி யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று ஒரு முடிவு வைத்திருந்தேன். நடுவர் வேலை என்பது என்ன? இரண்டு பக்கமும் போடும் சத்தத்தைச் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டுமே சரிதான் என்று சொல்லிச் சால்வையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது. எனக்குச் சிரித்த முகமும் கிடையாது, இரண்டும் சரி என்று சொல்லும் பழக்கமும் கிடையாது. இருந்தும் திருச்செங்கோட்டிலிருந்து கோமதி என்ற பள்ளி ஆசிரியை போனில் தலைப்பைச் சொன்னதும் வாயைத் திறந்து சரி என்றுவிட்டேன். "அந்தரக் கப்பலின் பொற்காலம் எது? ஆதிரைக் காலமா, தும்பிக் காலமா?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தரக் கப்பல் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானக் கதைத் தொடர். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தமிழில் பேசவைத்துப் போட ஆரம்பித்தார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. பல வருடங்களுக்கு ஒருமுறை கப்பலும் மாறும், கேப்டனும் மாறுவார். முதல் கப்பலின் பெயர் ஆதிரை. அதன் கேப்டன் நரைத்த தாடிக்காரர். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். இப்போது ஓடுவது தும்பி. சின்னக் கப்பல், ஓட்டை உடைசல், கேப்டன் ஒரு பெண், கையில் எந்நேரமும் ஸ்பானர். இரண்டுக்கும் நடுவில் மேகலை என்று ஒரு கப்பல் வந்தது. அதை யாரும் பேச்சிலேயே சேர்ப்பதில்லை.

இந்தத் தொடரைப் பற்றி நான் வெகு காலமாக இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் அதைப் படிக்க ஒரு ஈ காக்கை கிடையாது. சேலம், நாமக்கல் பக்கம் ஒரு கூட்டமே படிக்கிறது என்று கோமதி சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சம்மதித்த பிறகுதான் அவள் மெதுவாக மற்ற விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரும் சேலத்து நாசர் அண்ணனும் காலேஜ் ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்தவங்க. போன வருசத்துல இருந்து பேச்சுவார்த்தை இல்லீங்க. எல்லாம் இந்தக் கப்பலாலதான். அடுத்த மாசம் அவங்க பொண்ணுக்கு நிக்காஹ். எங்களுக்கு இன்னும் பத்திரிகை வரலீங்க. ஒரே மேடையில ஏத்தி உட்டா பேசிருவாங்கன்னு நெனைக்கறேன்."

"நான் தீர்ப்பு சொல்லத்தான் வருவேன். சமாதானம் பண்ணி வைக்கத் தெரியாது" என்றேன்.

"நீங்க வந்தாப் போதுங்க்கா" என்றாள்.

சேலத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மலை. எங்கள் ஊரில் வழி கேட்டால் ஆற்றுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பார்கள். இங்கே எந்தத் தெருவின் முனையிலும் ஒரு மலை நிற்கிறது. முதல் நாள் நான் தங்க ஏற்பாடாகியிருந்த நாசர் பாயின் வீடு ஃபேர்லேண்ட்ஸில். துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறவர். கல்யாண வேலையாக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சோபாவெல்லாம் மொட்டைமாடிக்குப் போயிருந்ததால் என்னைச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தட்டைப் பார்த்த நேரமெல்லாம் அதில் புதிதாக ஒரு இடியாப்பம் இருந்தது. போதும் என்று கையால் மறைத்தேன். நாசரின் மனைவி என் விரல் இடுக்கு வழியாகவே குழம்பை ஊற்றினார்.

நாசர் மெல்லப் பேசுகிற மனிதர். ஆதிரை கேப்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் இன்னும் மெதுவாகிவிட்டார். "அவரு ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கம் போய் நிப்பாரு பாருங்க மேடம், அந்த நிமிசத்துக்காகத்தான் நான் பாத்தேன். இப்ப வர்ற தும்பியில நிக்கவே மாட்டேங்கறாங்க. ஓட்டம், ஓட்டம், அதுவும் ரிப்பேர்."

"நடுவில் மேகலை வந்ததே?"

அவர் முகத்தைச் சுளித்தார். "அந்த ஆளு கேப்டனே இல்ல மேடம், கண்டக்டர். எந்தக் கிரகத்துல எறங்குனாலும் ஆள் எண்ணிட்டே இருப்பாரு."

நான் இடியாப்பத்தைப் பிய்க்க ஆரம்பித்தேன். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போனார். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்து அடுக்கித் தருகிறார்கள். முழுசாக வாயில் போட வேண்டுமாம். நான் கடித்துத் தின்னப் பார்த்துச் சேலையெல்லாம் பீட்ரூட். அதைத் துடைத்துக்கொண்டே கோமதியின் வீட்டுக்காரர் செல்வராஜ் பேச்சை எடுத்தேன்.

செல்வராஜ் போன வருடம் புதிதாக ரிக் வண்டி வாங்கியிருக்கிறார், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. அதற்குத் தும்பி என்று பெயர் வைத்திருக்கிறார். பூஜைக்கு நாசர் மாலையும் சேலத்து மாம்பழமுமாகப் போயிருக்கிறார். வண்டி முகப்பில் பெயரைப் பார்த்ததும், "தும்பின்னு பேர் வெச்சிட்டியே, பாதி வழியில நின்னுடும்டா" என்று சிரித்திருக்கிறார். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி நகர்ந்த நேரம் அது.

"நான் டிவியில வர்ற கப்பலைச் சொன்னேன் மேடம். வண்டியையா சொன்னேன்? அது வழியில நிக்கறது உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"உண்டு."

"அதான்" என்றார். பிறகு தட்டில் மிச்சமிருந்த தட்டுவடையைத் தொடாமல் பணம் கொடுக்க எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். எதுவரைக்கும் என்று கேட்டேன். திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவாராம், செல்வராஜ் வீட்டு வாசலுக்கு வரமாட்டாராம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாசல் வரைக்கும் வராத காரில் நான் ஏன் ஏற வேண்டும்? பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அந்தக் கோபத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பஸ்ஸில் தப்பானதில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்தும் போனேன்.

விழித்தபோது விசைத்தறிச் சத்தம் கேட்டது. ஒரு தெரு முழுக்க டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "எடப்பாடி வந்திருச்சுங்க. நீங்க எங்கீங்க போகோணும்?"

"திருச்செங்கோடு. டிக்கெட் கேட்டு எழுப்பியிருக்கலாமே."

"நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரலீங்க."

எங்கள் பக்கத்துக் கண்டக்டராக இருந்தால், நாலு வார்த்தை திட்டி வழியிலேயே இறக்கிவிட்டிருப்பார். திட்டு வாங்கினாலும் பாதித் தூரம் மிச்சமாகியிருக்கும். இங்கே மரியாதையாகக் கடைசி நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்த மனிதர் அதோடு விடவில்லை. சங்ககிரி வழியாகத் திருச்செங்கோடு போகும் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பையைத் தோளில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அதன் பக்கவாட்டில் தட்டினார். "அண்ணா, நில்லுங்க. ஒரு அம்மா வாராங்க." நான் மூச்சு வாங்க ஏறி உட்காருகிற வரைக்கும் படியில் கையை வைத்தபடியே நின்றார். அதற்குப் பிறகுதான் அந்த பஸ் கண்டக்டரை விசிலடிக்கச் சொல்லித் தலையசைத்தார். தப்பு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவும் இல்லை, அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை. இரண்டும் சங்ககிரி தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.

செல்வராஜ் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி, மேலே நெய் ஊற்றி, பக்கத்தில் அவித்த முட்டை. இதென்ன, பொங்கலுமில்லை, சாம்பார் சாதமுமில்லை என்று சந்தேகத்தோடு ஆரம்பித்து, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். கோமதி போனில் பேசுவதைவிட நேரில் இன்னும் வேகமாகப் பேசினாள். அவளும் தும்பிக் கட்சிதான். ஆனால் ஆதிரையை மட்டம் தட்டினால் நாசர் அண்ணனுக்குப் பொறுக்காது என்று அடிக்கடி சொன்னாள்.

செல்வராஜ் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். கை கழுவியதும் என்னை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். பச்சை வண்டியின் முகப்பில் தும்பி என்று எழுதி, பக்கத்தில் அந்தக் கப்பலை வரைந்திருந்தார்கள். கப்பலுக்கு ஒரு கண் திருஷ்டிப் பொட்டும் இருந்தது.

"மொத டிரிப்பே சத்தீஸ்கருங்க. காட்டுக்குள்ள வண்டி நின்னுபோச்சு. ஸ்பேர் வர்ற வரைக்கும் பசங்களோட அங்கயேதான் கெடந்தோம். நாசரு கப்பலைத்தான் சொன்னான், எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பூசை போட்ட அன்னைக்கு, எலுமிச்சம்பழம் நசுங்கற நேரத்துல, அவன் வாயில இருந்து அப்பிடி வரலாமுங்களா? வேற எவன் சொல்லியிருந்தாலும் தொடச்சுப்போட்டுப் போயிருப்பேன்."

"அவரிடம் இதைச் சொன்னீர்களா?"

"எதுக்குச் சொல்லோணும்? அவனுக்கே தெரியோணும்."

இவருக்கு ஒரு நாசர், அவருக்கு ஒரு செல்வராஜ், நடுவில் எனக்குத் தலைவலி. பேச்சை மாற்ற மேகலையை இழுத்தேன். செல்வராஜ் உதட்டைப் பிதுக்கினார். "அந்த ஆளு கேப்டனே இல்லீங்க, கண்டக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஹாஸ்டலில் யார் முதலில் சொல்லி யார் பிடித்துக்கொண்டார்களோ, இத்தனை வருடம் கழித்தும் இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே வசனத்தை வைத்திருக்கிறார்கள். பேச்சு மட்டும் கிடையாது.

பட்டிமன்றம் அடுத்த நாள் ஜேடர்பாளையத்தில், காவிரித் தடுப்பணைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். அணைக்கட்டுப் பக்கம் கடை கடையாக மீன் வறுத்துக்கொண்டிருந்தது. கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு, ஆற்று மீன் என்றால் கொஞ்சம் இளப்பம்தான். ஒரு துண்டு வாயில் வைத்தபின் அந்த இளப்பத்தை இலையோடு மடித்துப் போட்டுவிட்டேன். ரிக் வண்டியில் போகிறவர்கள், முட்டை வண்டி ஓட்டுகிறவர், எடப்பாடித் தறிக்காரர் குடும்பம், காலேஜ் பிள்ளைகள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. திருநெல்வேலியில் தனியாக உட்கார்ந்து எழுதியவளுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஆனால் கோமதியின் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பட்டிமன்றத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லாம் நடுவரிடம்தான். நாசர் எழுந்து, "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவருக்கு நிதானம் என்றால் என்னவென்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார். செல்வராஜ் எழுந்து, "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவருடைய கேப்டன் ஜன்னல்கிட்ட நின்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க கேப்டன் மூணு கிரகத்தைக் காப்பாத்திருவாங்கன்னு சொல்லுங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் தபால்காரியாக நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கோமதி மைக் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். தும்பிக்கு எதிராகப் பேச வருகிற எவரும் முதலில் எடுப்பது அது வழியில் நின்றுபோகும் என்பதைத்தான். நாசர் கடைசிச் சுற்றில் அந்த இடத்துக்கு வந்தார். "நடுவர் அவர்களே, தும்பி என்கிற கப்பல்..." என்று ஆரம்பித்தார். மண்டபத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், ஆதிரை கேப்டன் ஜன்னலோரம் நிற்பதைப்போலவே. "...பார்க்க அழகான கப்பல்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

செல்வராஜ் எழுந்தார். கையிலிருந்த குறிப்பை மேஜையில் வைத்துவிட்டார்.

"நடுவர் அவர்களே, அவரு சொல்லாததை நான் சொல்றேன். தும்பி வழியில நிக்கும். ஆமாங்க, நிக்குங்க. எங்க வண்டியும் நின்னுச்சு. காட்டுக்குள்ள பசங்க பயந்துபோய்க் கெடந்தப்ப, ஒரு போன்ல தும்பியைத்தான் போட்டுப் பாத்தோம். அந்தக் கேப்டனம்மா ஒவ்வொரு தடவையும் எறங்கி, ரிப்பேர் பண்ணி, மறுபடியும் கெளப்புவாங்க. அதைப் பாத்துப் பாத்துத்தான் நாங்களும் கெளப்புனோம். நிக்காத வண்டியை ஓட்டறதுக்குக் கேப்டன் எதுக்குங்க?"

நாசர் தலை குனிந்துகொண்டார். பேசக் கிடைத்த நல்ல இடம் அதுதான். ஆனாலும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணியடித்துத் தீர்ப்பு என்றாள் கோமதி. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. இரண்டும் பொற்காலமே என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் கண் என்னைக் கெஞ்சியது.

எனக்கு அது வராது. நான் எழுந்தேன்.

"என்னை உண்மையைச் சொல்லச் சொன்னால், பொற்காலம் ஆதிரையும் இல்லை, தும்பியும் இல்லை. மேகலைதான்."

மண்டபத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் விடவில்லை. "கண்டக்டர் என்று சொல்கிறீர்கள். ஆமாம், கண்டக்டர்தான். எதிரி சுட்டுக்கொண்டே வந்தாலும், எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்காமல் அவர் கப்பலை எடுத்ததில்லை. தாடிக்காரர் எத்தனை பேரை விட்டுவிட்டுப் போனார் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பானர் அம்மா அவசரத்தில் சொந்தத் தம்பியையே விட்டுவிட்டு வந்தாள். மேகலையில் ஒருத்தரும் பின்தங்கவில்லை. நேற்றுத்தான் ஒரு கண்டக்டர் எனக்காக ஓடிப்போய்ப் பஸ்ஸை நிறுத்தினார். அவர் இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். தீர்ப்பு மேகலைக்கே."

சமாதானத்துக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே மேகலைதான் பிடிக்கும், பல வருடமாக எழுதப் பயந்துகொண்டிருந்தேன்.

கைதட்டல் இல்லை. நடுவரிடம் முறையிடலாம் என்றால், நடுவரே எதிரியாகிவிட்டாள். நாசர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முழு உடம்போடு எதிர்ப்பக்கம் திரும்பினார்.

"செல்வா, கேட்டியாடா இதை?"

"கேட்டுட்டுத்தான இருக்கேன்" என்றார் செல்வராஜ். "கண்டக்டருக்குப் போய்த் தூக்கிக் குடுக்கறாங்க நாசரு. அந்த ஆளு ஓடுன வருசமெல்லாம் ஹாஸ்டல் டிவியை அணைச்சுப்போட்டுப் போவமே, மேடத்துக்கு அதைச் சொல்லு."

"நாம ஒழுங்காப் படிச்சதே அந்த வருசந்தானடா."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. மேகலையில் எந்தப் பகுதி மகா மோசம் என்பதை ஒருவருக்கொருவர் எடுத்துக்கொடுத்து, எனக்கு விரலை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். சால்வை போட வந்தவரைக் கோமதி தடுத்து நிறுத்தினாள். மைக்கை அணைத்துவிட்டு, மேடை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என்னை நாமக்கல்லில் பஸ் ஏற்றிவிட எல்லோருமாக நாசரின் காரில் கிளம்பினோம். நாசர் ஓட்ட, பக்கத்தில் செல்வராஜ். இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள் போய்க்கொண்டிருந்தன. பேச்சு இன்னும் என் தீர்ப்பைத் தாண்டவில்லை.

"இது இப்ப முடியாது" என்றார் செல்வராஜ். "நிக்காஹ்வுக்கு இந்தம்மாவையும் கூப்புடு. அங்க வெச்சுப் பேசி முடிச்சுக்கலாம்."

கார் கொஞ்சம் வேகம் குறைந்தது. "உனக்கே இன்னும் பத்திரிகை வெக்கலடா" என்றார் நாசர்.

"எனக்கு எதுக்குப் பத்திரிகை? பந்தியை யாரு பாத்துக்கறாங்க, அதைச் சொல்லு."

கோமதி என் கையைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரியே பிடித்தாள். நாசர் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துச் செல்வராஜ் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

"தெரியுது. நேராப் பாத்து ஓட்டு" என்றார் செல்வராஜ். "பந்திக்கு முட்டை என் பொறுப்பு."

நாமக்கல்லில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே இரண்டு பேரும் நின்று, அடுத்த வாரம் எழுதும்போது தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்து தலைகளைப் பார்த்துவிட்டு, படியில் நின்று குரல் கொடுத்தார்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா?"

வெளியே இருவரும் அவரைக் கைகாட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நானே சொன்னேன்.

"ஏறியாச்சு, எடுங்க."